ஒரு பில்லுக்கு மூன்று பாக்கெட்

பில் போடும் பெண் என் வீட்டுக்காரரைப் பார்த்து, "சார், இதே போன் நம்பர்ல அந்த வரிசையில ஒரு அம்மா இப்பத்தான் எண்ணெய் வாங்கினாங்க. உங்க வீட்டம்மாவா?" என்று கேட்டாள்.

அவர் திரும்பி என்னை மேலும் கீழும் பார்த்தார். இருபத்தேழு வருஷம் என்னோடு குடித்தனம் நடத்திய மனிதர். "யாருன்னே தெரியாதுங்க" என்றார்.

எனக்கு வந்த சிரிப்பை அடக்க, பக்கத்துத் தட்டிலிருந்த ஷாம்பு பாட்டிலை எடுத்து அதன் முதுகில் எழுதியிருந்ததை எல்லாம் படித்தேன். மூன்றாவது வரிசையில் எங்கள் மகள் பிரியா. கையில் மூன்று பாக்கெட் சூரியகாந்தி எண்ணெயோடு, எங்கள் இருவரையுமே தெரியாதவள் மாதிரி போனைத் தடவிக்கொண்டிருந்தாள். அந்தக் கடையின் ஏசிக் காற்றில் தரை துடைக்கும் மருந்தும் பிரெட்டும் கலந்த ஒரு வாசனை வரும்.

ஒரு பில்லுக்கு மூன்று பாக்கெட்தான் என்று எழுதித் தொங்கவிட்டிருந்தார்கள். அதனால்தான் நாங்கள் மூன்று பேரும் மூன்று குடும்பமாக நின்றோம். சமையலுக்கு எண்ணெய் வாங்கவில்லை. எங்கள் மளிகைக் கடையில் வைத்து விற்க வாங்கினோம்.

இவர் என்னைப் பெண் பார்க்க வந்த கதையைப் போன வாரம் இதே பகுதியில் எழுதியதற்கே இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தார். இதைப் படித்தால் என்ன செய்வாரோ தெரியாது. செய்யட்டும். நடந்ததைத்தானே எழுதுகிறேன்.

இரண்டு போர்டுகள்

எங்கள் கடை ஸ்ரீரங்கத்தில், சித்திரை வீதியிலிருந்து பிரியும் ஒரு சின்னத் தெருவில் இருந்தது. என் மாமனார் வைத்த கடை. இரண்டு பேர் நின்று சாமான் வாங்கினால் மூன்றாவது ஆள் தெருவில்தான் நிற்க வேண்டும். உள்ளே நுழைந்தால் புளியும் பெருங்காயமும் சணல் சாக்கும் சேர்ந்து மூக்கில் ஏறும். அரிசி மண்ணச்சநல்லூர் மில்லிலிருந்து நேராக வரும். மிளகாய், புளி, வெல்லம் வகையறா எல்லாம் காந்தி மார்க்கெட். சோப்பு, டீத்தூள், பிஸ்கட், பாக்கெட் எண்ணெய் போன்ற கம்பெனிச் சாமான்கள் ஏஜென்சியிலிருந்து வரும்.

சில வருஷங்களுக்கு முன்னால் ராஜகோபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு சூப்பர் மார்க்கெட் வந்தது. பச்சை போர்டு. வெளியூர் கம்பெனி, ஊருக்கு ஊர் கடை. கொஞ்ச மாதத்தில் அம்மா மண்டபம் ரோட்டில் இன்னொன்று. சிவப்பு போர்டு. அது வேறு கம்பெனி. பெயரெல்லாம் கேட்காதீர்கள். வக்கீல் நோட்டீஸ் வாங்கும் தெம்பு எனக்கு இல்லை.

இரண்டுக்கும் ஆகாது. பச்சைக்காரன் இன்றைக்கு எண்ணெய் விலையைக் குறைத்தால் நாளைக் காலையில் சிவப்புக்காரன் அதைவிடக் குறைப்பான். ஸ்ரீரங்கமே பையைத் தூக்கிக்கொண்டு இங்கும் அங்கும் ஓடியது.

பெரிய கடை வந்தால் சின்னக் கடை செத்துப்போகும் என்று எல்லோரும் சொல்வார்கள். நாங்கள் சாகவில்லை. நாங்கள் புத்திசாலிகள் ஆனோம். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

செவ்வாய்க்கிழமை லைன்

அதற்கு முன்னால் அந்தோணி அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

ஏஜென்சியின் ஆள் வாரத்தில் ஒரு நாள் ஒரு வட்டாரத்துக் கடைகளுக்கெல்லாம் போய் ஆர்டர் எடுப்பார். எங்கள் தொழிலில் அதற்கு லைன் என்று பெயர். ஸ்ரீரங்கம் லைன் செவ்வாய்க்கிழமை. அந்த லைனுக்கு ஆள் அந்தோணி அண்ணன். காலை பத்தரைக்கு மொபெட் சத்தம் கேட்கும். ஹெல்மெட்டைக் கையில் மாட்டிக்கொண்டு உள்ளே வருவார்.

"என்ன வேணும்?" என்று அவர் கேட்டதே கிடையாது. தட்டுகளை ஒரு பார்வை பார்ப்பார். "டீத்தூள் நாளன்னிக்குத் தீந்துரும்மா. இந்த நீலச் சோப்பு போகல, அத விட்டுருங்க" என்று அவரே எழுதிக்கொள்வார். வியாழக்கிழமை சாமான் வண்டி வாசலில் நிற்கும். எலி கடித்த சோப்பையும் தேதி முடிந்த பிஸ்கட்டையும் முகம் சுளிக்காமல் எடுத்துக்கொண்டு புதுசு தருவார். எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் சண்டை நடக்கிற நாளில் வந்துவிட்டால், ஆர்டரை எழுதிக்கொண்டு மூச்சு விடாமல் நழுவிவிடுவார்.

ஊரடங்கு சமயத்தில் காவிரிப் பாலத்தைத் தாண்டி ஈ காக்கை வராத நாட்களில், பாஸ் வாங்கிக்கொண்டு சாமான் வண்டியில் அவரே ஏறி உட்கார்ந்து வந்தார். முகத்தில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு பெட்டிகளை வாசலில் இறக்கினார். நான் உதவப் போனால், "தள்ளி நில்லுங்கம்மா, தள்ளி நில்லுங்க!" என்று கத்தினார். அந்த நாட்களில் எங்கள் தெருவில் அடுப்பு எரிந்ததற்கு அவரும் ஒரு காரணம்.

அந்த மனிதருக்குத்தான் நான் துரோகம் செய்தேன். பெரிய வார்த்தைதான். யோசித்துப் பார்த்துவிட்டேன், வேறு வார்த்தை கிடைக்கவில்லை.

அடுத்த வாரம் பாக்கலாம்ணே

பச்சைக் கடைக்கு முதலில் வேவு பார்க்கப் போனவள் நான்தான். எண்ணெய் பாக்கெட்டின் விலையைப் பார்த்ததும் கண்ணைக் கசக்கிவிட்டு மறுபடி பார்த்தேன். ஏஜென்சி எங்களுக்குப் பெட்டிக் கணக்கில் ஒரு பாக்கெட்டுக்குப் போடும் விலையைவிட அங்கே ஒற்றைப் பாக்கெட் விலை குறைவு.

வீட்டுக்கு ஓடி வந்தேன். "ஏங்க, ஏஜென்சிக்காரன் இத்தனை வருஷம் நம்மள மொட்டை அடிச்சிருக்கான்" என்றேன்.

"அப்படியெல்லாம் இருக்காது மல்லிகா. இவனுங்க ரெண்டு பேரும் போட்டியில நஷ்டத்துக்கு விக்கிறானுங்க. எத்தனை நாளைக்கு விப்பானுங்க?" என்றார் இவர்.

"விக்கிற வரைக்கும் வாங்குவோம். கசக்குதா?" என்றேன். என் வாய் அப்படி.

அடுத்த செவ்வாய்க்கிழமை அந்தோணி அண்ணன் தட்டைப் பார்த்தார். எண்ணெய் நிறைந்திருந்தது. "எண்ணெய் இருக்குண்ணே. அடுத்த வாரம் பாக்கலாம்" என்றேன். அடுத்த வாரம் எண்ணெயோடு டீத்தூளும் இருந்தது. அதற்கு அடுத்த வாரம் சோப்பும். ஒவ்வொரு தடவையும் அதே பதிலைச் சொன்னேன். "அடுத்த வாரம் பாக்கலாம்ணே." வேண்டாம் என்று மூஞ்சிக்கு நேராகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இத்தனை வாயாடிக்கு அது மட்டும் வரவில்லை.

எங்கள் வட்டாரத்தில் பதினோரு மளிகைக் கடை. யாரும் யாரிடமும் பேசி வைத்துக்கொள்ளவில்லை. பதினோரு பேருக்கும் தனித்தனியாக அதே புத்தி வந்திருந்தது. பச்சைக் கடை வரிசையில் எதிர்த்தெருக் கடைக்காரரைப் பார்ப்பேன். அவர் என்னைப் பார்க்காத மாதிரி ஊறுகாய் பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். நானும் அவரைப் பார்த்ததில்லை.

அந்தோணி அண்ணன் வந்துகொண்டுதான் இருந்தார். ஆர்டர் இரண்டு வரியானது, ஒரு வரியானது. பிறகு வந்து ஒரு சொம்பு தண்ணீர் குடித்துவிட்டுப் போவார். ஒரு செவ்வாய்க்கிழமை அவர் வரவில்லை. வரவில்லை என்பதையே நான் வெள்ளிக்கிழமைதான் கவனித்தேன்.

மாமி பிடித்துவிட்டார்

வரிசையில் நின்ற அந்த நாளுக்கு வருகிறேன். "யாருன்னே தெரியாதுங்க" என்று இவர் சொல்லி வாயை மூடவில்லை. பின்னாலிருந்து ஒரு குரல்.

"ஏண்டாப்பா செல்வம், மல்லிகாவைத் தெரியாதுங்கறே? ஆத்துல சண்டையா?"

கோமளா மாமி! என் மாமனார் காலத்திலிருந்து எங்கள் கடையில் சாமான் வாங்குகிறவர். தனியாக இருக்கிறார். முழங்கால் தேய்ந்துவிட்டது. ஆனால் கண்ணும் காதும் குரலும் தேயவில்லை. வரிசை மொத்தமும் திரும்பிப் பார்த்துச் சிரித்தது. பில் போடும் பெண் மேஜையில் குனிந்து சிரித்தாள். பிரியா எண்ணெயைப் போட்டுவிட்டு வெளியே ஓடிவிட்டாள்.

மாமி எங்கள் கூடைகளை ஒரு பார்வை பார்த்தார். "ஓகோ, எங்காத்துக்கு வர எண்ணெய் இங்கேர்ந்துதான் வந்துண்டிருக்கா?" என்றார்.

"கண்டுக்காதீங்க மாமி" என்று இளித்தேன்.

"நீ ஏண்டிம்மா எனக்காக வரிசையில நின்னு சிரமப்படணும்? இனிமே நானே வாங்கிக்கறேன். தப்பா நினைச்சுக்காதே."

அவர் குத்தலாகச் சொல்லவில்லை. நிஜமாகவே என் சிரமத்தைக் குறைக்கத்தான் சொன்னார். அடுத்த மாதம் மாமியின் சாமான் லிஸ்டில் எண்ணெய் இல்லை. அதற்கு அடுத்த மாதம் லிஸ்டே வரவில்லை. மாமி சொல்லித் தெருவில் இன்னும் நாலு வீடு பச்சைக் கடைக்குப் போனது.

ஆனால் அன்றைக்கு வீட்டுக்கு வரும் வழியெல்லாம் மூன்று பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். அதற்குப் பிறகு சேர்ந்து எப்போது சிரித்தோம் என்று யோசித்துப் பார்க்கிறேன். ஞாபகம் வரவில்லை.

போர்டுக்குப் போர்த்திய துணி

ஒரு நாள் காலையில் பிரியா போனைப் பார்த்துக்கொண்டே, "அம்மா, சிவப்புக் கடைக்காரன் பச்சைக் கடையை வாங்கிட்டானாம். இந்தியா முழுக்க. இனிமே ரெண்டும் ஒரே கம்பெனி" என்றாள்.

"எவன் வாங்கினா நமக்கென்ன? எண்ணெய் அதே எண்ணெய்தானே" என்றேன் நான்.

இவர் பல் தேய்த்துக்கொண்டிருந்தார். பிரஷ்ஷை வாயிலிருந்து எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

பச்சை போர்டின் மேல் வெள்ளைத் துணியைப் போர்த்திவிட்டார்கள். சில நாளில் துணியை எடுத்தபோது போர்டு சிவப்பாக இருந்தது. உள்ளே அதே பெண்கள், சட்டை மட்டும் சிவப்பு. நான் பையோடு போய் நின்றேன். மூன்று பாக்கெட் அட்டையைக் காணோம். எண்ணெயை எடுத்துப் பார்த்தால் பாக்கெட்டில் அச்சடித்திருந்த விலை, ஒரு பைசா குறையவில்லை.

"ஏம்மா, ஆஃபர் இல்லையா?" என்று அந்தப் பில் போடும் பெண்ணைக் கேட்டேன்.

"இனிமே யாரோட போட்டி ஆன்ட்டி?" என்று சிரித்தாள். சூது வாது இல்லாத பெண். யாரோ மீட்டிங்கில் சொன்னதை அப்படியே என்னிடம் சொல்லிவிட்டாள்.

அம்மா மண்டபம் ரோட்டுக் கடைக்கு ஓடினேன். அங்கேயும் அதே விலை. வாசலில் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்துவிட்டேன். வெயில் சுள்ளென்று அடித்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஆர்டர் இல்லாமல் ஸ்ரீரங்கம் லைனையே நிறுத்திவிட்டார்கள், எங்களுக்குச் சாமான் போட ஏஜென்சி இல்லை. நாங்கள்தான் அதைத் துரத்திவிட்டோம். இரண்டு யானைகள் முட்டிக்கொண்டபோது சிந்திய கவளத்தைப் பொறுக்கித் தின்று, சொந்தச் சோற்றுப் பானையை உடைத்துவிட்டேன் நான்.

சில மாதங்களில் ராஜகோபுரத்துக் கடையையும் மூடினார்கள். ஒரே கம்பெனிக்குப் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கடை எதற்கு என்று கணக்குப் போட்டிருப்பார்கள். அந்தப் பில் போடும் பெண் எங்கள் கடைக்கு வந்து, "ஆன்ட்டி, உங்க கடையில ஆள் எடுக்கிறீங்களா?" என்று கேட்டாள். காலித் தட்டுகளைக் காட்டினேன். அவளே புரிந்துகொண்டு போய்விட்டாள்.

காந்தி மார்க்கெட் மொத்தக் கடையில் சோப்பும் டீத்தூளும் கிடைக்கும்தான். ஆட்டோக் கூலி போட்டால் அச்சடித்த விலைக்கு மேல் வந்து நிற்கும். அரிசி இருக்கிறதே, புளி இருக்கிறதே என்று நினைத்தோம். சோப்பும் டீத்தூளும் இல்லாத கடைக்குப் புளி வாங்க மட்டும் யார் வருவார்கள்?

கோமளா மாமி வந்தார். கம்பை ஊன்றிக்கொண்டு, முகமெல்லாம் வேர்த்து. துணிப்பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்து, விரல் நுனியால் பிடித்து என் முன்னால் வைத்தார். உள்ளே பூண்டு விழுது பாக்கெட்.

"அம்மா மண்டபம் ரோடு வரைக்கும் நடக்க முடியலைடி. போன்லயே ஆர்டர் பண்ணுங்கோன்னா. பண்ணினேன். பெருங்காயம் இல்லையாம், அதுக்குப் பதிலா இதை அனுப்பியிருக்கான். எங்காத்துல இதை வெச்சுண்டு நான் என்ன பண்ணுவேன்? பெருமாளுக்குத் தளிகை பண்ணற ஆத்துல பூண்டா!" என்றார்.

வேறு சமயமாக இருந்தால் சிரித்திருப்பேன். பெருங்காயம் ஒரு டப்பா இருந்தது, கொடுத்தேன். துணிக்குப் போடும் சோப்பு கேட்டார். இல்லை என்றேன். காபிப்பொடி கேட்டார். இல்லை.

"அவாளும் இல்லை, நீயும் இல்லைன்னா நான் எங்கடி போவேன்?" என்றார் மாமி.

திருவெறும்பூரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை

அந்தோணி அண்ணன் வீடு திருவெறும்பூர்ப் பக்கம். விசாரித்துக்கொண்டு நானும் இவரும் பஸ் ஏறிப் போனோம். சாயங்காலம் நாலு மணி இருக்கும். வாசலில் செக்யூரிட்டி சீருடையில் உட்கார்ந்து ஷூவுக்கு லேஸ் கட்டிக்கொண்டிருந்தார். கே.கே. நகரில் ஒரு அபார்ட்மெண்டில் காவல் வேலையாம்.

"வாங்கம்மா, வாங்க சார்!" என்று எழுந்தார். முகத்தில் கோபம் இருக்கும் என்று எதிர்பார்த்துப் போனேன். மருந்துக்கும் இல்லை. காபி வந்தது. எங்கள் லைன் கடைகளை ஒவ்வொன்றாக, வரிசை மாறாமல் விசாரித்தார்.

நான் சுற்றி வளைக்கவில்லை. "அண்ணே, ஸ்ரீரங்கம் லைனை மறுபடி விடச் சொல்லுங்க. உங்க முதலாளிகிட்ட நாங்க வந்து பேசுறோம். இனிமே எல்லாச் சாமானும் உங்ககிட்டதான்" என்றேன்.

"இப்ப எத்தனை கடைம்மா தொறந்திருக்கு?"

விரல் விட்டேன். "நாலு."

"நாலு கடைக்கு வண்டி டீசலுக்கே காணாதும்மா. முதலாளியும் ஏஜென்சிய விட்டுட்டாரு. குடோன வாடகைக்கு விட்டுட்டாரு."

"யாருக்கு?" என்றார் இவர்.

அந்தோணி அண்ணன் காபி டம்ளரைப் பார்த்தார். "அந்தச் சிவப்புக் கடைக்காரங்களுக்குத்தான் சார்."

"எங்க மேலதான் தப்புண்ணே" என்றேன்.

"தப்புன்னு என்னம்மா. எங்க குறைவோ அங்க வாங்குவீங்க, அது யாவாரம். ஆனா ஒண்ணு சொல்றேன், மனசுல வெச்சுக்காதீங்க. வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தீங்கன்னா நான் அப்பவே வேற வேலை பாத்திருப்பேன். நல்ல வயசு இருந்துச்சு, இன்னொரு கம்பெனியில கூப்பிட்டாங்க. நீங்க அடுத்த வாரம், அடுத்த வாரம்னீங்க. நானும் வந்துக்கிட்டே இருந்தேன்" என்றார்.

டியூட்டிக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்தார். பஸ் ஸ்டாப் வரை எங்களோடு நடந்து வந்தார். பஸ்ஸில் இவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு பாலம் வரைக்கும் அழுதேன்.

கதவுக்கு அந்தப் பக்கம்

பொங்கல் முடிந்து கடையை மூடினோம். இவர் மண்ணச்சநல்லூரில் ஒரு மில்லில் மூட்டைக்குச் சீட்டுப் போடும் வேலைக்குப் போகிறார். கடை இடத்தை செல்போன் கவர் விற்கும் ஒருவருக்கு வாடகைக்கு விட்டோம். மீந்துபோன சாமான்கள் வீட்டில் இரண்டு மாதம் ஓடின.

அதுவும் முடிந்தபோது, மாதச் சாமானுக்கு லிஸ்ட் எழுதப் பேப்பரோடு உட்கார்ந்தேன். துவரம்பருப்பு என்று எழுதினேன். எத்தனை கிலோ? பேனா நின்றுவிட்டது.

கோமளா மாமிக்கு அரைக் கிலோ. மாடி வீட்டு வாத்தியார் வீட்டுக்கு மூன்று. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தெருவில் எந்த வீட்டுக்கு எவ்வளவு என்று சொல்லிவிடுவேன். என் வீட்டுக்கு எவ்வளவு என்று எனக்குத் தெரியவில்லை. அடுப்படிக்கும் கடைக்கும் நடுவில் ஒரே ஒரு கதவு. பருப்பு குறைந்தால் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போய் மூட்டையில் அள்ளிக்கொண்டு வருவேன். ஒரு நாளும் அளந்ததில்லை.

"ஏங்க, நம்ம மூணு பேருக்கு மாசம் எவ்வளவு பருப்பு ஆகும்?" என்று கேட்டேன்.

இவர் ரொம்ப நேரம் யோசித்தார். "ஒரு கிலோ போதாது?" என்றார்.

சிவப்புக் கடையில் ஒரு கிலோ பாக்கெட் வாங்கினேன். பதினெட்டாம் நாள் மத்தியானச் சமையலுக்கு டப்பாவைத் திறந்தால் அடி தெரிந்தது. கை தானாகக் கிண்ணத்தை எடுத்தது. கால் தானாக நடந்தது. போய்க் கதவைத் தள்ளினேன். திறக்கவில்லை. மறுபடி தள்ளினேன்.

"கடைக்கு வழி முன்பக்கங்க. சுத்தி வாங்க" என்று உள்ளேயிருந்து ஒருவர் குரல் கொடுத்தார்.

அன்றைக்குப் பருப்பில்லாமல் ரசம் வைத்தேன். இந்த வீட்டுக்கு நான் மருமகளாக வந்த பிறகு பருப்பு தீர்ந்துபோனது அதுதான் முதல் தடவை.